கையைக் கட்டாத வார்டு

ஆஸ்பத்திரியில் சேர்ந்த வயசாளிகளுக்குப் புத்தி தடுமாறாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான். ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது, கோட்டை விட்டால் வார்டு முழுக்கக் கேட்கும்.

அப்பாவுக்கோ மாமியாருக்கோ துணையாக ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகும்போது நன்றாகப் பேசிக்கொண்டுதான் போவார்கள். மூன்றாம் நாள் உங்களையே "நீங்க யாருங்க?" என்பார்கள். கையில் ஏறுகிற குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குவார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கும் கொஞ்சம் தடுமாறியிருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தது

திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர். வேலையை விட்ட மறு வருஷம், இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். இரண்டு நாள் நன்றாக இருந்தேனாம். மூன்றாம் நாள் பெட்ஷீட்டைக் காட்டி, "துணி விரிச்சது கோணல், கத்தி வைக்காதே" என்று நர்சுகளைத் திட்டியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. தெளிந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகத் தடம். பனியன் துணிக் கிழிசலால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே கட்டு. என் வயதுதான். நான் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அவர் கட்டிலைவிட்டு எழுந்து நடக்கவே இல்லை.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். நாற்பது வயதுக்காரர், நம்ம பக்கம்தான். "மருந்து கொஞ்சம் காரணம், வயசு கொஞ்சம் காரணம், மீதி நாங்க வார்டை வெச்சிருக்கற லட்சணம்" என்றார். கம்பெனியில் பீஸ் தப்பாக வந்தால் தைத்தவனைக் கட்டிப்போடுவதில்லை, தையல் லைனில் எங்கே தப்பு என்று பார்ப்போம் என்றேன். அவர் தையல் பிரித்த கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "ஆறு மாசம் தர்றனுங்க மாஸ்டர். பன்னெண்டு கட்டில். ஒருத்தர் கையையும் கட்டாம நடத்திக் காட்டுங்க. முடியலைன்னா, கட்டற துணியை எடுத்த எடத்துல வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிருங்க."

காலண்டர்

நாள் கிழமை தெரியாமல் கிடப்பதுதான் குழப்பத்தின் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டிலுக்கு ஒரு தினசரிக் காலண்டர் மாட்டினேன். பெரிய எழுத்து. கண்ணைத் திறந்தால் எதிரே கிழமை. இவ்வளவுதானே என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறாம் நம்பர் கட்டிலில் சத்தம். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர், நெஞ்சுச் சளிக்குச் சேர்ந்தவர். ஜெசிந்தா சிஸ்டர் கட்டுகிற துணியோடு நின்றார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "செவ்வாக்கிழமைன்னு ஒரே பிடியா நிக்காவ அய்யா. காலண்டரைக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேங்காவ" என்றார். காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை. எனக்கே ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுவிட்டது. விசாரித்தால், விடிந்ததும் நைட் டூட்டி ஒரு தாள் கிழிக்கிறது. பகல் டூட்டி வந்து ஒன்று. கூட்டுகிற அம்மா பெருக்கி முடித்துவிட்டு ஒன்று. மூன்று பேரும் கடமையாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு காலையில் ஆறு தாள்.

அன்றிலிருந்து தாள் கிழிப்பது நான் மட்டும். கோழிப்பண்ணைக்காரரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவர் மூச்சு விட்டார். "செவ்வாயாவே இருக்கட்டுங்க. சனிக்கெழமைன்னா இந்நேரம் என்ற கோழிக தீவனமில்லாமச் செத்திருக்குமுங்க."

பேசாத மருமகள்

கணியூர் நாச்சம்மாளுக்குக் காலில் சர்க்கரைப் புண். மூன்று நாளாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கட்டில் காலடியில் மருமகள் நிற்கிறாளாம். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாளாம், வாயைத் திறக்க மாட்டாளாம். அங்கே ஒருத்தரும் இல்லை. கண்ணாடி போடுவாரா என்று மகளைக் கேட்டேன். போடுவாராம். "தொலைஞ்சு போயிருமுன்னு ஊட்டுல பீரோவுல பத்திரமா வெச்சிருக்கறனுங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் போய் எடுத்துவரச் சொன்னேன். விசாரித்துப் பார்த்தால் வார்டில் பாதிப் பேருடைய கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. தெரிந்த கம்பெனியில் சொல்லிப் பனியன் துணியில் சுருக்குப் பை தைத்து வாங்கி, கட்டில் கம்பிக்கு ஒன்று கட்டிவிட்டேன்.

கண்ணாடியைப் போட்டதும் நாச்சம்மாள் காலடிப் பக்கம் பார்த்தார். குளுக்கோஸ் ஸ்டாண்டு. அதன் மேல் யாரோ போட்ட பச்சைத் துண்டு. நிஜமான மருமகள் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஸ்டாண்டைத் தலைமாட்டுப் பக்கம் தள்ளிவைக்கச் சொன்னார். "போவுது போ. இதாச்சும் மூணு நாளா கூட நின்னுது."

தண்ணீர்

உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தடுமாறும். வயசாளிகள் குடிக்க மாட்டார்கள். குடித்தால் பாத்ரூமுக்கு யாரையாவது கூப்பிட வேண்டும், அதற்குக் கூச்சம். கட்டிலுக்கு ஒரு சொம்பு வைத்தேன். சாயங்காலத்துக்குள் மூன்று சொம்பு காலியாக வேண்டும், காலியாகக் காலியாகச் சுவரில் கோடு போட வேண்டும். ஒரு வாரம் எல்லாக் கட்டிலுக்கும் மூன்று கோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பத்தாம் நம்பர்காரருக்கு உதடு வெடித்து, பேச்சு குழறியது. மூன்று சொம்பு குடித்தவருக்கு எப்படி என்று டாக்டர் கேட்டார்.

ஒரு நாள் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நலம் விசாரிக்க ஒறம்பரை வந்தது. சொந்தக்காரர் ஏழு பேர். வெயிலில் வந்த களைப்பு. ஒவ்வொருத்தராகச் சொம்பைத் தூக்கிக் குடித்தார்கள். கடைசியாகக் குடித்தவர் பொறுப்பாகச் சுவரில் கோடும் போட்டார். எழுந்து போய், இது நோயாளியுடைய தண்ணீர் என்றேன். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "எங்கூருத் தண்ணி வாயில வெக்க முடியாதுங்க, எல்லாஞ் சாயப்பட்டறைத் தண்ணி. இது நல்லாருக்குதுங்களே, ஒரு கேன் கெடைக்குமுங்களா?"

எந்த ஊர்

காலையில் கேட்க டாக்டர் நாலு கேள்வி கொடுத்திருந்தார். பேர் என்ன, என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறீர்கள், எதற்காக வந்தீர்கள். அவினாசிப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்றாவது கேள்விக்கு இரண்டு நாளாகத் "திருநெல்வேலி" என்றார். கட்டிலில் தொங்குகிற கேஸ் தாளில் குழப்பம் என்று எழுதியாகிவிட்டது. நான் போய், யார் சொன்னது என்று கேட்டேன். "யாருஞ் சொல்லலீங்க. நர்சுக எல்லாம் அந்தப்பக்கத்துப் பேச்சுப் பேசறாங்க. வாட்ச்மேன் இந்தி பேசறான். சன்னலு எட்டத்துல இருக்குது. தூக்கத்துல கொண்டாந்துட்டாங்களாட்ட இருக்குது. மகன் எதுக்கோ ரோசனை பண்ணித்தான் கொண்டாந்திருப்பான்னு கம்முனு இருந்துட்டனுங்க."

இதில் எனக்குக் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். பல்லடம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. தாளில் அடித்துத் திருத்திக்கொண்டே சொன்னார்: "நான் இங்க வந்து பன்னெண்டு வருசம் ஆவுது அய்யா. காலைல முழிச்ச ஒடனே எனக்கே எந்த ஊருன்னு தெரிய மாட்டேங்கு."

பிசிறு

விரல்கள் பெட்ஷீட்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தால் தடுமாற்றம் வரப்போகிறது என்று அர்த்தமாம். இரண்டாம் நம்பர் அம்மா பிய்த்துக்கொண்டே இருந்தார். கையைக் கட்டத் துணியைக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பெட்ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் நூல் தொங்குகிறது. மோசமான தையல். அந்த அம்மா கம்பெனியில் இருபது வருஷம் பிசிறு வெட்டினவர். பைத்தியம் இல்லை, வேலை பார்க்கிறார். பிசிறோடு ஒரு கட்டுப் பனியன் வாங்கிவந்து, கத்தரி இல்லாமல் கையால் எடுக்கச் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பிட்டார், ராத்திரி தூங்கினார்.

பக்கத்துக் கட்டில்கள் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் ஐந்து கட்டிலில் பனியன் குவியல். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தவர் வாசலில் நின்றார், வெளியே போய் வார்டு போர்டைப் படித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார். என்னைத் திட்ட வாயெடுத்தார். அதற்குள் இரண்டாம் நம்பர் அம்மா அவருடைய முதுகைப் பார்த்துவிட்டார். "கண்ணு, உன்ற கோட்டுல பின்னால பிசிறு தொங்குது. இதை எவன் பாஸ் பண்ணுனான்?"

கரண்ட்

ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒரு கையும் கட்டவில்லை. தூக்கம் கெட்டால் புத்தி கெடும், அமைதிதான் மருந்து என்று டாக்டர் சொன்னதால் வார்டை அமைதியாக்கினேன். தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய், கட்டில் காலுக்கு ரப்பர், டிவி கிடையாது, சத்தமாகப் பேசினால் நானே போய் முறைப்பேன். அப்போதுதான் சாமளாபுரம் ஆறுமுகம் வந்து சேர்ந்தார். விசைத்தறிக்காரர், எழுபத்திரண்டு வயது, தறிக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்த எலும்பு டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாலாம் நாள் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், அப்புறம் எழவே மாட்டார்.

இரண்டாம் நாள் ஆரம்பித்தார். "கரண்ட் வந்துருச்சுங்களா?" லைட்டைக் காட்டினேன். "செரிங்க" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி, "கரண்ட் வந்துருச்சுங்களா?" ஃபேனைக் காட்டினேன். "செரிங்க." ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் குழாயைப் பிடுங்கிவிட்டு, ஆபரேஷன் செய்த காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுவிட்டார். கரண்ட் வந்ததா என்று அவரே போய்ப் பார்க்க வேண்டுமாம். காலண்டர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. என் வித்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜெசிந்தா துணியோடு வந்தார். சாயங்காலம் வரை பொறுக்கச் சொன்னேன். "அவரு மகன் காலைப் பிடிச்சிக்கிட்டு இருந்தா சாயந்தரம் வரைக்கும் பொறுக்கேன். அதுக்கு மேல முடியாது அய்யா. ஒங்க ஆறு மாசத்தைவிட அவரு காலு பெருசு."

சாமளாபுரம்

பஸ் ஏறினேன். என்ன தேடிப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வார்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டு முன்கட்டில் நாலு தறி ஓடுகிறது. வாசலில் நின்று கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆறுமுகத்தின் மருமகள் என் வாயைப் பார்த்தே பதில் சொன்னாள். மாமா எங்கே படுப்பார் என்று கேட்டேன். மூன்றாம் தறிக்குப் பத்தடி தள்ளி ஒரு கட்டிலைக் காட்டினாள். அதற்குப் பக்கத்தில் தொட்டிலில், காது கிழிகிற அந்தச் சத்தத்தில், கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. குழந்தை வீல் என்று கத்திக்கொண்டு எழுந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வெளியே வந்து நின்றார்கள். நான் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டதை நினைத்துக்கொண்டு திண்டாடி நின்றேன். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சத்தம் நின்னா எங்கூட்டுல ஆருக்கும் தூக்கம் வராதுங்க. மாமா தூக்கத்துல எந்திரிச்சு மொதல்ல கேக்கறதே, கரண்ட் போயிருச்சான்னுதானுங்க."

நாலாம் நாள்

கரண்ட் வருகிற வரை காத்திருந்து, அவர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரிலேயே தறிச் சத்தத்தை ஒரு கேசட் முழுக்கப் பிடித்தேன். சாயங்காலம் ஆறுமுகத்தை மூலை அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தி, முழுச் சத்தத்தில் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் குறட்டை. அரைமணி நேரத்தில் கேசட் ஒரு பக்கம் முடிந்தது, கண்ணைத் திறந்துவிட்டார். திருப்பிப் போட்டேன், மூடிக்கொண்டார். அன்று ராத்திரி முழுக்க மகனும் நானும் மாற்றி மாற்றித் திருப்பினோம். டாக்டர் வந்து கதவைத் திறந்தார். "அமைதிதான் மருந்துன்னு சொன்னனுங்களே மாஸ்டர்" என்றார். ஆமாம் என்றேன். மூடிவிட்டுப் போய்விட்டார்.

நாலாம் நாள் காலை குழாயைப் பிடுங்கவில்லை, இட்லி சாப்பிட்டார். ஆனால் ஜெசிந்தாவின் கேள்விகளில் பேரைத் தவிர எல்லாம் தப்பு. கிழமை வியாழனாம், அன்று திங்கள். ஊர் சாமளாபுரமாம். எதற்கு வந்தாராம்? தறி ஓட்ட. நடக்கச் சொன்னால், தறி ஓடும்போது எங்கே போவது என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவின் அந்தக் கோடியில், இருபது எட்டுத் தள்ளி, ஸ்டூலில் வைத்தேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வாக்கரைக் கொடு என்று கை நீட்டினார். ஒரு பக்கம் ஜெசிந்தா, ஒரு பக்கம் மகன். எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எட்டு. இன்னொன்று. நடுவில் நின்றார், ஜெசிந்தா நாற்காலியை இழுத்தார், வேண்டாம் என்று தலையாட்டினார். இருபது எட்டும் நடந்துவிட்டார்.

டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். மகனிடம், மூன்றாம் தறியில் நாடா முழுசாகப் போய்ச் சேரவில்லை என்றார். நூலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகிற நாடாதான். மகன் என்னைப் பார்த்தான், நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். மகன் வீட்டுக்குப் போன் போட்டான். மருமகள் தறியை நிறுத்திப் பார்த்தாள். நாடாவை அடிக்கிற வார் நைந்து, அறுகிற நிலையில் இருந்தது. ஆறுமுகத்துக்குக் கோபம். "ஏண்டா, டேப்புல கேட்டே எனக்குத் தெரியுது, பக்கத்துலயே நிக்கற உனக்குத் தெரியாதா?"

கேட்ட கேள்விக்கெல்லாம் தப்பாகவும் கேட்காத ஒன்றுக்குச் சரியாகவும் பதில் சொல்லிவிட்டு, கை கட்டப்படாமல் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு நடந்து போன மனுஷனைத் தாளில் தெளிவு என்று எழுதுவதா, குழப்பம் என்று எழுதுவதா என்று டாக்டரும் நானும் பேச ஆரம்பித்து, அவர் கொடுத்த ஆறு மாசம் எப்போதோ தாண்டியும், இன்னும் முடியவில்லை.